குமரன், குமார், குமாரசாமி: ஒரு பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா படித்த வகுப்பில் ஐந்து குமார்கள் இருந்தார்களாம். வாத்தியார் பதிவேட்டில் தலைப்பெழுத்தை வைத்துப் பிரித்துக்கொண்டார். பையன்களோ நெட்டைக் குமார், கட்டைக் குமார், மளிகைக்கடைக் குமார் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பாதான் அந்த மளிகைக்கடைக் குமார். அதனாலோ என்னவோ, இந்தப் பெயரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றும். குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களும், இந்தப் பெயரையே வைத்திருக்கும் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

குமரன் என்றால் என்ன பொருள்?

மகன், சிறுவன், இளைஞன். அரசர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இளவரசன். இவ்வளவுதான்.

ஆனால் இந்த எளிமையில்தான் பெயரின் அழகே இருக்கிறது. நாம் வைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை பிள்ளையைப் புகழ்கிறவை: அழகன், வெற்றிவேல், செல்வம், அறிவழகன். குமரன் யாரையும் புகழவில்லை. அது ஓர் உறவைச் சொல்கிறது. குமாரன் என்று சொன்னவுடனே, சொல்லாமலே, பின்னால் ஒரு தாயும் தகப்பனும் வந்து நின்றுவிடுகிறார்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தடவிய ஓரத்துக்கு நடுவே 'ஜேஷ்ட குமாரன்', 'கனிஷ்ட குமாரத்தி' என்று அச்சடித்திருக்கும். மூத்த மகன், இளைய மகள் என்று அர்த்தம். பிறகு 'திருவளர்ச்செல்வன்', 'திருநிறைச்செல்வி' வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பத்திரிகையிலிருந்து சொல் போனாலும், மாப்பிள்ளையின் பெயரில் பாதி குமார் அப்படியே இருந்தது.

இது தமிழ்ச் சொல்லா, வடசொல்லா?

குமார என்ற சொல் ரிக் வேதத்திலேயே இருக்கிறது. இந்தோ-ஆரிய மொழிகள் எல்லாவற்றிலும் பரவியிருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் இதற்குத் தமிழ் வேர் காட்டுவார்கள். பெயர் வைக்கப் போகிறவர் அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தமிழில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு வயது என்று பார்த்தால் போதும்.

புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியின் புகழ் பரவ வேண்டிய எல்லைகளைச் சொல்கிறார். வடக்கே பனி மூடிய மலை, தெற்கே குமரி, அதாவது குமரனின் பெண்பால். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்குச் சொல்லும் தெற்கு எல்லையும் குமரிதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடற்பயணக் குறிப்பு ஒன்று 'கொமரி' என்ற இடத்தைச் சொல்கிறது. ஆண்களும் பெண்களும் துறவு பூண்டு அங்கே வந்து நீராடுகிறார்கள், முன்னொரு காலத்தில் ஒரு தெய்வம் அங்கே தங்கி நீராடியது என்று நம்புகிறார்கள் என்று அதை எழுதியவர் குறித்து வைத்திருக்கிறார். நாடு பிடிக்க வந்தவரல்லர் அவர், வியாபாரத்துக்குக் கடலில் வந்தவர். அவர் காதில் விழுந்த அதே பெயரைத்தான் நாம் இன்றும் பேருந்துப் பலகையில் படிக்கிறோம்.

முழுக்கத் தமிழாகவே வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் 'சேய்' இருக்கிறது. சங்கப் புலவர்கள் முருகனைச் சேய் என்றார்கள். குழந்தை என்பதும் சேய்தான். குமாரன் சொல்வதையே அதுவும் சொல்கிறது.

குமரனுக்கும் 'வீட்ல குமர் இருக்கு' என்பதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். கல்யாண வயதில் பெண் இருக்கும் வீட்டில் 'குமர் இருக்கு' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். தமிழ் முஸ்லிம்கள் நடுவே 'குமர் காரியம்' என்றால் வசதியில்லாத வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கைகொடுப்பது. ஒரு பக்கம் முருகனின் பெயர், இன்னொரு பக்கம் பள்ளிவாசல் வாசலில் பேசப்படும் அறச்சொல். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முதன்முதலாகத் தெரிந்தபோது எனக்கு மனம் நிறைந்துபோனது.

சித்த வைத்தியரிடம் குமரி என்றால் சோற்றுக்கற்றாழையை எடுத்துக் கொடுப்பார். விடிவதற்கு முந்தைய இருட்டுக்குக் குமரியிருட்டு என்று பெயர். முதிராதது, இளமை மாறாதது என்ற பொருள் இவை எல்லாவற்றுக்குள்ளும் ஓடுகிறது.

இரண்டு மனைவி உள்ள முருகனை ஏன் இன்னும் குமரன் என்கிறோம்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழுவது இயல்பு. வடக்கே பல இடங்களில் கார்த்திகேயன் பிரம்மசாரி, அங்கே குமாரன் என்பதற்கு மணமாகாதவன் என்ற பொருளே முன்னால் நிற்கிறது. நம் ஊரில் அவன் தினைப்புனத்துக்குப் போய், கிழவனாக வேடம் போட்டு, வள்ளியைக் கைப்பிடித்தவன். இங்கே குமரன் என்பதற்கு என்றும் இளையவன், சிவன் வீட்டுச் சின்னப்பிள்ளை என்றே பொருள். முருகு என்ற சொல்லுக்கும் இளமை, அழகு என்ற பொருள்கள் உண்டு. ஆகவே இரண்டு பெயரும் ஒன்றையொன்று விளக்கிக்கொள்கின்றன.

ஊர்ப்பெயர்களிலும் கோயில்களிலும் இதைப் பார்க்கலாம். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய இடமாகச் சொல்லப்படுவது காஞ்சிபுரம் குமரக்கோட்டம். திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர். வைத்தீஸ்வரன் கோயிலில் செல்வ முத்துக்குமாரசாமி. அங்கே அப்பா வைத்தியநாதர் என்றாலும் கொஞ்சப்படுவது பிள்ளைதான்.

குமரன், குமாரன், குமார், குமரேசன் எல்லாம் ஒரே பெயர்தானா?

அடி ஒன்றுதான், சட்டைதான் வேறு. குமாரன் என்பதன் நெடில் குறுகினால் குமரன். கடைசி 'அன்' உதிர்ந்தால் குமார். குமரனோடு ஈசன் சேர்ந்தால் குமரேசன், சாமி சேர்ந்தால் குமாரசாமி, வேல் சேர்ந்தால் குமரவேல், அப்பன் சேர்ந்தால் குமரப்பன், குரு சேர்ந்தால் குமரகுரு. தாத்தாவுக்குக் குமாரசாமி, அப்பாவுக்குக் குமார், பேரனுக்குக் குமரன் என்று மூன்று தலைமுறையாக ஒரே பெயரைச் சுமக்கும் குடும்பங்கள் உண்டு. எங்கள் வீடும் அப்படித்தான்.

முத்துக்குமாரா, முத்துகுமாரா? சிவகுமாரா, சிவக்குமாரா?

முத்துக்குமார் என்று 'க்' போட்டு எழுதுவதே சரி. முத்து தமிழ்ச் சொல், அதன் பின்னால் வல்லினம் மிகும். சிவகுமார், கிருஷ்ணகுமார் போன்றவை வடமொழித் தொடராகவே வந்தவை, அவற்றில் ஒற்றுக்கு இடமில்லை. ஆனால் தமிழில் இரண்டு உயிரொலிக்கு நடுவே தனியாக நிற்கும் ககரம் மெலிந்து ஒலிக்கும். நாம் சொல்வதோ அழுத்தமான 'கு'. அந்த ஒலியைக் காப்பாற்றவே பலர் ஜெயக்குமார், விஜயக்குமார் என்று எழுதுகிறார்கள். பெயருக்குரியவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறாரோ அப்படியே எழுதிவிடுங்கள். பெயர் விஷயத்தில் இலக்கணத்தைவிட அவருக்கே உரிமை அதிகம்.

இந்தப் பெயரில் வாழ்ந்த பெரியவர்கள் யார் யார்?

முதலில் திருப்பூர் குமரன். 1904 அக்டோபர் 4ஆம் தேதி சென்னிமலையில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் குமாரசாமி. மலைமேல் முருகன் இருக்கும் ஊரில் அப்படியொரு பெயர் வைப்பதில் வியப்பில்லை. நெசவுக் குடும்பம், கஷ்ட ஜீவனம். 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூரில் தடையை மீறி நடந்த ஊர்வலத்தில் கையில் கொடியோடு போனார். போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் இறந்தார், 27 வயது. கொடி காத்த குமரன் என்று நாடு அவரைக் கொண்டாடுகிறது. நான் எப்போதும் நினைப்பது அந்தப் பெயரில் நடந்த மாற்றத்தை. குமாரசாமி என்று சாமியோடு சேர்த்து வைத்தார்கள். மக்கள் சாமியை எடுத்துவிட்டுக் குமரன் என்றார்கள். ஊரே அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டதுபோல.

அவருக்கு முன்னூறு ஆண்டுகள் முந்தியவர் குமரகுருபரர். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். ஐந்து வயதுவரை பேச்சு வரவில்லை, பெற்றோர் திருச்செந்தூர் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது வரலாறு. மதுரையில் திருமலை நாயக்கர் காலத்தில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடினார். வைத்தீஸ்வரன் கோயில் முத்துக்குமாரசாமிக்கும் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். தன் பெயரிலும் பிள்ளை, பாட்டுடைத் தலைவன் பெயரிலும் பிள்ளை, பாடிய வடிவமும் பிள்ளைத்தமிழ்! பிறகு காசிக்குப் போய் மடம் அமைத்தார். திருப்பனந்தாள் காசி மடம் அந்த மரபில் வந்தது.

பாம்பன் சுவாமிகளின் இன்னொரு பெயர் குமரகுருதாசர். சண்முக கவசம் பாடியவர். 1923இல் சென்னையில் வண்டி மோதிக் கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். அடியார்கள் கவசத்தைப் பாராயணம் செய்ய, மயில் வாகனத்தில் முருகன் காட்சி தந்து கால் குணமானது என்று அன்பர்கள் இன்றும் விழா எடுக்கிறார்கள். 1929இல் மறைந்தார். திருவான்மியூரில் சமாதி.

ஜே. சி. குமரப்பாவை நம் பிள்ளைகள் இன்னும் நன்றாக அறிய வேண்டும் என்பது என் ஆசை. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில், கொர்னேலியஸ் என்ற குடும்பப்பெயரோடு பிறந்தார். கணக்குத் தணிக்கையாளர், அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு வாழ்க்கையே திசை மாறியது. கோட்டு சூட்டைக் கழற்றினார். முன்னோர் பெயரான குமரப்பாவைத் தன் பெயராக ஏற்றார். கைத்தொழிலும் கிராமமும்தான் நிலைத்த பொருளாதாரம் என்று எழுதினார், கடைசிக் காலத்தில் மதுரைக்குப் பக்கத்தில் கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் காலமானார். பிறப்பில் வராத பெயரைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டவர் அவர்.

அரசியலில், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. குமரி மாவட்டத்தையே பெயரில் வைத்துக்கொண்டு, நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமைக்காகப் போராடிய குமரி அனந்தன்; 2025 ஏப்ரலில் மறைந்தார்.

இலங்கையில் முத்துக் குமாரசுவாமி. இங்கிலாந்தில் வழக்கறிஞர் பட்டம் பெற்று, சர் பட்டமும் பெற்றவர். அவர் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தாய் ஆங்கிலேயர். பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருந்தபடி நடராஜர் சிலைக்குள் என்ன தத்துவம் இருக்கிறது என்று மேற்குலகத்துக்கு எடுத்துச் சொன்னார். 1947இல் மறைந்தார். சி-யில் தொடங்கி இரண்டு ஓ போட்டு எழுதிய அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல், உலக நூலகங்கள் எல்லாவற்றிலும் அவர் பெயரோடு நிற்கிறது.

மலையாளத்தில் குமாரன் ஆசான் (1873–1924). நாராயண குருவின் சீடர், மகாகவி. பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார்.

தமிழ்நாட்டுக்கு வெளியே, பழங்காலத்தில்?

எனக்கு மிகப் பிடித்த கதை ஒன்று உண்டு. குமாராயணர் என்பவர் இந்தியாவிலிருந்து மத்திய ஆசியாவின் கூச்சா நாட்டுக்குப் போனார். அங்கே ஜீவா என்ற இளவரசியை மணந்தார். பிறந்த பிள்ளைக்கு அப்பா பெயரில் பாதி, அம்மா பெயர் முழுவதும் சேர்த்துக் குமாரஜீவர் என்று பெயர். அவர் 401இல் சீனத் தலைநகர் சாங்கானுக்குப் போய்ப் பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தார். அவற்றில் ஒன்றான வஜ்ர சூத்திரத்தின் 868ஆம் ஆண்டு அச்சுப்படி துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. தேதி குறித்த அச்சு நூல்களில் இதைவிடப் பழையது வேறில்லை. இன்று அது லண்டனில் இருக்கிறது.

குப்த அரசன் முதலாம் குமாரகுப்தன் தங்கக் காசு அடித்தான். ஒரு பக்கம் அரசன் மயிலுக்கு இரை ஊட்டிக்கொண்டு நிற்கிறான். திருப்பினால் மயில்மேல் கார்த்திகேயன் அமர்ந்திருக்கிறான். தன் பெயருக்கு உரிய தெய்வத்தைக் காசின் மறுபக்கத்தில் வைத்த அந்த அரசனை நினைத்தால், பெயரை அவன் எவ்வளவு நேசித்தான் என்று புரிகிறது.

சினிமா நடிகர்கள் ஏன் இத்தனை பேர் குமார்?

கவனித்தால் வியப்பாகத்தான் இருக்கும். யூசுப் கான் திலீப் குமார் ஆனார். குமுத்லால் கங்குலி அசோக் குமார் ஆனார். கன்னடத்து முத்துராஜ் ராஜ்குமார் ஆனார். நம் பழனிசாமி சிவகுமார் ஆனார். மஹ்ஜபீன் பானு மீனா குமாரி ஆனார். குமாரில் இளமையும் இளவரசனும் சேர்ந்து இருக்கிறார்கள், ஊரோ சாதியோ மதமோ வெளியே தெரிவதில்லை. திரையில் எல்லோருக்கும் பொதுவானவராக நிற்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல பெயர் எங்கே கிடைக்கும்?

பீகாரிலும் சாதிப் பெயரை உதறியவர்கள் பலர் அந்த இடத்தில் குமார் என்று போட்டுக்கொண்டார்கள்.

கிறிஸ்தவர்கள் வைக்கலாமா?

தாராளமாக வைக்கிறார்கள். தமிழ் வேதாகமத்தில் இயேசு தேவகுமாரன், மனுஷகுமாரன். வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த பிள்ளையின் உவமையைக் 'கெட்ட குமாரன்' கதை என்றே ஞாயிறு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். இலங்கையில் சிங்களவர்களும் இந்தப் பெயரை வைக்கிறார்கள். டெஸ்ட் ஆட்டங்களில் 12,400 ஓட்டம் எடுத்த குமார் சங்கக்காரவும், 2024இல் அதிபரான அநுர குமார திசாநாயக்கவும் உங்களுக்குத் தெரிந்தவர்களே. இரு தரப்பும் பகிர்ந்துகொள்ளும் பெயர்கள் அந்தத் தீவில் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

குமார் குடும்பப்பெயரா? பாஸ்போர்ட்டில் எப்படி எழுதுவது?

தமிழ்நாட்டில் அது குடும்பப்பெயர் இல்லை. செந்தில்குமார் என்பது ஒரே பெயர். அதை இடைவெளி விட்டு இரண்டாக எழுதினால், படிவம் நிரப்புகிறவர் 'குமார்' என்பதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவார். என் அண்ணனுக்கு அப்படி ஆகிவிட்டது. ஒரு சான்றிதழில் சேர்த்து, இன்னொன்றில் பிரித்து, மூன்றாவதில் அப்பா பெயரும் குமார், தன் பெயரின் பாதியும் குமார் என்று குழம்பி, வெளிநாட்டு வேலைக்குப் போகும் நேரத்தில் மாதக்கணக்கில் அலைந்தார். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போதே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பள்ளியில் சேர்க்கும்போதும், ஆதாரிலும் அதே எழுத்துக்கூட்டலை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நட்சத்திரத்துக்கு உரிய பெயர்?

'கு' எழுத்து திருவாதிரைக்கு உரியது. முருகனுக்கு உகந்தவை கிருத்திகையும் விசாகமும், திருவாதிரை சிவனுடையது. பிள்ளையின் பெயர் அப்பாவின் நட்சத்திரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

குமணனும் குமரனும் ஒன்றா?

இல்லை. குமணன் முதிரமலைத் தலைவன். பரிசில் கேட்டு வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல், தன் தலைக்கு விலை இருக்கிறது என்று வாளை நீட்டிய வள்ளல். எழுத்து நெருக்கம்தான், பொருள் வேறு.

பெண் குழந்தைக்கு என்ன வைக்கலாம்?

குமரி, குமாரி, செல்வகுமாரி, சாந்தகுமாரி. தனியாகக் குமரி என்று வைப்பவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் பிடிக்கும். ஒரு கடல்முனையின் பெயர், ஒரு தெய்வத்தின் பெயர், மூன்றே எழுத்து.

இன்றைக்கு இந்தப் பெயர் பழசாகத் தெரியாதா?

குமார் என்று மட்டும் வைத்தால் தாத்தா காலத்துப் பெயராகச் சிலருக்குத் தோன்றலாம். இப்போது மழலையர் வகுப்பில் வெறும் குமாரைக் காண்பது அரிதாகிவிட்டது. குமரன் அப்படியில்லை. அதற்கு இன்னும் இளமை போகவில்லை. வைப்பதற்கு முன் ஒருமுறை வாய்விட்டு அழைத்துப் பாருங்கள். 'குமரா' என்று விளி வேற்றுமையில் நீளும்போது அந்தப் பெயர் நன்றாகத் திறக்கிறது. அப்பாவை ஊர் முழுக்கக் குமார் என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டி மட்டும் கடைசிவரை, அவருக்கு அறுபது வயதான பிறகும், சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்று 'குமரா' என்றுதான் கூப்பிடுவாள்.